முப்பது பேருக்கு ஒரு நாடகம்

2000ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் தென்முனையில், வங்கிகளும் பங்குச் சந்தையும் நெருங்கி நிற்கும் பகுதியில், கைவிடப்பட்டுக் கிடந்த பழைய ஆண்கள் மன்றக் கட்டடம் ஒன்றில் ஒரு நாடகம் நிகழ்ந்தது. ஒவ்வொரு நிகழ்விலும் ஏறத்தாழ முப்பது பேர் மட்டுமே அமர இடமிருந்தது. மூன்றே பாத்திரங்கள்; பெரும்பகுதி தனியுரை. எழுதியவர் வாலஸ் ஷான். மூவரில் ஒருவராக நடித்தவரும் அவரே. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், 1999இன் இறுதியில், ‘டாய் ஸ்டோரி 2’ வெளிவந்திருந்தது. அப்படத்தில் வரும் பச்சை நிற நெகிழி டைனோசரின் நடுங்கும் குரலும் அவருடையதுதான். உலகின் கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு அந்தக் குரல் தெரியும். அந்தக் குரலுக்குரியவர் யார் என்பது தெரியாது. ஒரே மனிதர் ஒரு பக்கம் கோடிக்கணக்கானோருக்கும் மறுபக்கம் முப்பது பேருக்கும் பேசிக்கொண்டிருந்த இந்த நிலை தற்செயலாக வாய்த்த ஒன்று. ஆனால் அரை நூற்றாண்டாக அவருடைய வாழ்க்கையின் அமைப்பே அதுவாக இருந்துவருகிறது.

குணச்சித்திர நடிகர் என்று நாம் யாரைச் சொல்கிறோம்? கதையைத் தோளில் சுமக்காதவர். ஆனால் அவர் வந்துபோகும் காட்சி மட்டும் மனத்தில் தங்கிவிடும். பெயர் நினைவுக்கு வராது, முகம் மறக்காது. அமெரிக்கத் திரையில் ஷான் அவ்வகை நடிகர்களுள் ஒருவர். குள்ளமான உருவம், வழுக்கைத் தலை, சற்றே மழலை தட்டும் கீச்சுக் குரல். அவரைத் திரையில் பார்த்ததும் சிரிக்கத் தயாராகும் பார்வையாளர்களில் மிகப் பலருக்கு, சமகால ஆங்கில நாடகத்தின் மிகச் சங்கடமான சில பிரதிகளை எழுதியவர் இவர் என்ற செய்தி எட்டியதில்லை. அவருடைய வாழ்வை எழுதுவோர் பொதுவாக இவ்விரண்டையும் தனித்தனிப் பெட்டிகளில் வைத்துவிடுகின்றனர்: அது பிழைப்பு, இது கலை. அந்தப் பாகுபாடு வசதியானது. ஆனால் அவருடைய நாடகங்கள் கேள்விக்கு உட்படுத்துவது சரியாக அந்த வசதியைத்தான்.

ஷான் 1943 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் பிறந்தார். தந்தை வில்லியம் ஷான், ‘தி நியூயார்க்கர்’ இதழின் ஆசிரியராக 1952 முதல் 1987 வரை பணியாற்றியவர். அமெரிக்க இதழியல் வரலாற்றில் பெரிதும் மதிக்கப்பட்ட பெயர். ஹிரோஷிமாவைப் பற்றி ஜான் ஹெர்சி எழுதிய நெடுங்கட்டுரைக்கு 1946இல் ஓர் இதழ் முழுவதையும் ஒதுக்கச் செய்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. ஐக்மன் விசாரணை குறித்து ஹன்னா அரெண்ட் எழுதியதும் 1963இல் அவ்விதழில்தான் வெளிவந்தது. அறிவும் நயமும் அறவுணர்வும் ஒன்றுகூடிய வீடு என்று அதைச் சொல்லலாம். அத்தகைய வீட்டில் பிறந்த மகன், நல்லவர்களின் வீடுகள் எந்த அடித்தளத்தின்மேல் நிற்கின்றன என்ற கேள்வியைத் தன் வாழ்நாள் முழுவதும் கைவிடவில்லை.

ஹார்வர்டில் வரலாறு பயின்று 1965இல் பட்டம் பெற்ற அவர், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் இந்தியா வந்தார். மத்தியப் பிரதேசத்தில், இந்தூர் கிறித்தவக் கல்லூரியில் ஓராண்டு ஆங்கிலம் கற்பித்தார். அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை இந்தியா எதிர்பார்த்துக் காத்திருந்த ஆண்டுகள் அவை. அந்த ஓராண்டு அவருக்குள் என்ன செய்தது என்பதை ஊகித்து எழுதுவது முறையன்று. பின்னாளில் அவர் எழுதிய மிக முக்கியமான நாடகங்களுள் ஒன்று, ஏழை நாடொன்றின் விடுதியறையில் நள்ளிரவில் விழித்துக்கொள்ளும் ஒரு வசதியான வெளிநாட்டவரின் பேச்சாக அமைந்தது என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கலாம். இந்தூரிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்று, மாடலின் கல்லூரியில் தத்துவமும் அரசியலும் பொருளியலும் பயின்றார். நாடகம் எழுதத் தொடங்கியதும் அக்காலத்தில்தான்.

நியூயார்க் திரும்பியதும் எழுத்து அவருக்குச் சோறு போடவில்லை. பள்ளியில் இலத்தீன் கற்பித்தார். ஆயத்த ஆடை வணிகப் பகுதியில் சரக்கு அனுப்பும் எழுத்தராக இருந்தார். நகலெடுக்கும் கடையில் இயந்திரம் இயக்கினார். இரண்டு பெரும் பல்கலைக்கழகங்களின் பட்டங்களை வைத்துக்கொண்டு பிறருடைய தாள்களை நகலெடுத்த அந்த ஆண்டுகள், ஆய்வுப் பட்டம் பெற்றும் நிலையான வேலைக்குக் காத்திருப்போர்க்கு அந்நியமாகத் தோன்றாது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. தான் வறுமையில் பிறந்தவன் என்ற பாவனையை ஷான் எங்கும் மேற்கொண்டதில்லை. தன் கல்வி, தன் சொல்வளம், தன் தயக்கங்கள், தோற்றாலும் முற்றிலும் வீழ்ந்துவிடாத பாதுகாப்பு ஆகிய எல்லாமே பிறப்பால் வந்த செல்வம் என்பதை அவர் தொடர்ந்து எழுதிவந்திருக்கிறார். 2017இல் வெளிவந்த ‘நைட் தாட்ஸ்’ என்ற சிறுநூலில், மனிதர்களை அவர் நற்பேறு பெற்றோர், பெறாதோர் என்றே பிரித்துக்கொள்கிறார். தம்மை முதல் வகையில் நிறுத்திவிட்டே பேச்சைத் தொடங்குகிறார்.

1975இல் ‘அவர் லேட் நைட்’ என்ற அவருடைய நாடகத்தை ஆந்த்ரே கிரெகரியின் குழு நியூயார்க்கில் அரங்கேற்றியது. அதற்கு ஓபி விருது கிடைத்தது, வருமானம் கிடைக்கவில்லை. 1977இல் இலண்டனில் மேடையேறிய ‘எ தாட் இன் த்ரீ பார்ட்ஸ்’, பாலுறவை வெளிப்படையாகக் கையாண்டதால் பெரும் சர்ச்சைக்குள்ளாயிற்று. அதே ஆண்டில், பப்ளிக் தியேட்டருக்காக மாக்கியவெல்லியின் நகைச்சுவை நாடகமான ‘தி மாண்ட்ரேக்’கை ஆங்கிலமாக்கினார். அதன் இயக்குநர் வில்ஃபோர்ட் லீச், மொழிபெயர்ப்பாளரையே மேடையில் ஏற்றிவிட்டார். சிறு வேடம்தான். அதைப் பார்த்த நடிகர் தேர்வாளர் ஜூலியட் டெய்லரின் வழியாக, வூடி ஆலனின் ‘மன்ஹாட்டன்’ (1979) படத்தில் ஒரு சிறு காட்சி அவருக்குக் கிடைத்தது. அதில் நாயகி தன் முன்னாள் கணவரைப் பற்றி, ஆட்கொள்ளும் ஆளுமை கொண்ட ஆண்மகன் என்ற எண்ணம் நமக்கு எழும்வண்ணம் சொல்லிக்கொண்டே வருவாள். இறுதியில் அந்தக் கணவர் திரையில் தோன்றுகிறார்: வாலஸ் ஷான். அரங்கம் சிரிக்கிறது. நடிப்புப் பயிற்சி எதுவுமின்றி, நடிகராகும் திட்டமுமின்றி வந்த ஒருவரின் முகத்திற்குத் திரையுலகம் ஒரு விலை குறித்த தருணம் அது. நாடகாசிரியருக்குக் கிடைக்காத வருமானம் அந்த முகத்துக்குக் கிடைத்தது.

அவ்வாண்டுகளின் நெருக்கடியை அவரே திரையில் பதிந்து வைத்திருக்கிறார். ஆந்த்ரே கிரெகரியும் அவரும் தம் உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து, அவற்றிலிருந்து செதுக்கி எழுதிய ‘மை டின்னர் வித் ஆந்த்ரே’ (1981) படத்தை லூயி மால் இயக்கினார். இருவர் உணவகத்தில் அமர்ந்து பேசுகிறார்கள், படம் அவ்வளவுதான். நியூயார்க் உணவகமாகத் தோன்றும் அந்த இடம், உண்மையில் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் அப்போது மூடப்பட்டுக் கிடந்த ஜெஃபர்சன் விடுதி. படத்தின் தொடக்கத்தில் வாலி என்ற பாத்திரம் நகரத் தெருக்களில் நடந்துகொண்டே தன் நிலையைச் சொல்கிறது: பத்து வயதில் கலையையும் இசையையும் தவிர வேறெதையும் எண்ணியதில்லை, இப்போது முப்பத்தாறு வயதில் எண்ணமெல்லாம் பணத்தைப் பற்றித்தான். பிறகு போலந்துக் காடுகளிலும் ஸ்காட்லாந்திலும் தாம் தேடிய ஆன்மிக விழிப்பை ஆந்த்ரே விவரிக்க விவரிக்க, வாலி தன் மின்கம்பளியையும் காலைக் காப்பியையும் விட்டுத்தர மறுக்கிறான். பார்வையாளர்களில் பலர் வாலியின் பக்கம் நின்றனர். எளிமையான, நியாயமான, நம்மைப் போன்ற மனிதன் என்று அவனை ஏற்றுக்கொண்டனர். ஷானோ பிற்காலத்தில், தன்னுள் இருந்த அந்த அச்சமும் ஒடுக்கமும் கொண்ட மனிதனை வெளிப்படுத்தி அழித்துவிடவே அப்படத்தை எடுக்க விரும்பியதாகக் கூறினார். நாம் அன்போடு தழுவிக்கொண்டவனை, படைத்தவர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தார்.

ஷானின் கலை முழுவதற்கும் திறவுகோல் இங்கே கிடைக்கிறது. நியாயமாகப் பேசும் மனிதனே அவருடைய ஆய்வுப்பொருள். தன் தர்க்கத்தில் ஓட்டையே இல்லை என்று நம்புகிறவன்; பேசப் பேசத் தன்மேல் தானே மேலும் நம்பிக்கை கொள்கிறவன்.

‘தி பிரின்சஸ் பிரைட்’ (1987) படத்தின் விசினியை நினைத்துப் பார்க்கலாம். இரண்டு கோப்பைகளில் எதில் நஞ்சு இருக்கிறது என்பதை அறிவால் மட்டுமே கண்டுபிடித்துவிடலாம் என்று அவன் வாதிடுகிறான். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு இட்டுச் செல்கிறது. ஒவ்வொரு முடிவும் மறுகணமே புரட்டப்படுகிறது. வென்றுவிட்டதாகச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து சாகிறான். நஞ்சு இரு கோப்பைகளிலும் இருந்தது. அவ்வேடத்திற்கு டேனி டெவிட்டோவையே முதலில் எண்ணியிருந்தார்கள் என்று கேள்விப்பட்ட ஷான், படப்பிடிப்பு முழுவதும் தன்னை நீக்கிவிடுவார்களோ என்ற அச்சத்துடனே நடித்ததாகப் பின்னர் சொல்லியிருக்கிறார். திரையில் தெரியும் அசைக்கமுடியாத தன்னம்பிக்கை, உள்ளே நடுங்கிக்கொண்டிருந்த ஒருவரின் ஆக்கம்.

இதே தர்க்கவாதி, அதற்கு இரண்டாண்டுகள் முன்பு, சிரிப்புக்கு இடமே தராத வேறோர் உருவில் இலண்டன் ராயல் கோர்ட் அரங்கில் தோன்றியிருந்தான். ‘ஆன்ட் டேன் அண்ட் லெமன்’ (1985) நாடகத்தின் லெமன், நோயுற்ற ஓர் இளம்பெண். தனியாக வாழ்கிறாள், பழச்சாறும் காய்ச்சாறும் அருந்துகிறாள், நாஜிகளின் கொலைமுகாம்களைப் பற்றிப் படிக்கிறாள். அவளுடைய சிறுவயதில், பெற்றோரின் தோழியான டேன், இரவுகளில் தோட்டத்துச் சிறுவீட்டில் அவளோடு அமர்ந்து கதைகள் சொல்வாள். டேன் ஆக்ஸ்ஃபோர்டில் கற்பிக்கும் அமெரிக்கப் பெண்; கூர்மதி உடையவள்; பேச்சால் மயக்குபவள்; ஹென்றி கிஸிஞ்சரின் தீவிர ஆதரவாளர். நாம் அமைதியாக வாழ்வதற்காக யாரோ சிலர் கடுமையான முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது, அவர்களை வெறுப்பது நன்றிகெட்ட செயல் என்பது அவளுடைய வாதத்தின் சாரம். லெமனின் தாய் அவளை மறுக்க முயல்கிறாள். இரக்கம் அவளிடம் இருக்கிறது, வாதத்திறன் இல்லை. குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது, வென்றவர் யார் என்பதைக் குறித்துக்கொள்கிறது.

நாடகத்தின் முடிவில் லெமன் நம்மை நோக்கி, மென்மையான குரலில், நாஜிகளின் செயலை நியாயப்படுத்துகிறாள். இரக்கம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதை உண்மையில் யாராவது உணர்ந்திருக்கிறார்களா என்று கேட்கிறாள். மேடையில் அவளுக்கு மறுமொழி கூற எவரும் இல்லை. விளக்கு அணைகிறது. அவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த பார்வையாளர், மறுப்பைத் தாமே தம் வீட்டுக்கு எடுத்துச்சென்று தேட வேண்டியிருக்கிறது. இதற்காக ஷான் கடுமையாகச் சாடப்பட்டார். நாடகம் நூலானபோது அறம் குறித்த ஒரு கட்டுரையைப் பின்னிணைப்பாகச் சேர்த்தாரேயன்றி, பிரதிக்குள் ஒரு மறுப்பாளரை அவர் நுழைக்கவில்லை.

கல்விப்புலத்தில் இருப்போர் இந்நாடகத்தைச் சற்றுக் கூடுதலான கலக்கத்துடனே படிக்க நேரும். ஏனெனில் டேன் ஓர் ஆசிரியர், நல்ல ஆசிரியர். மாணவருக்கு நேரம் ஒதுக்குகிறாள். குழந்தையைப் பெரியவளாக மதித்துப் பேசுகிறாள். உலகத்தைச் சுவையாக்கிக் காட்டுகிறாள். ஓர் ஆசிரியரிடம் நாம் போற்றும் எல்லாப் பண்புகளும் அவளிடம் உள்ளன. அவற்றின் வழியாகவே நஞ்சும் இறங்குகிறது. சிந்திக்கக் கற்றுக்கொடுத்தால் போதும், மனிதர் நல்லவராகிவிடுவர் என்ற நம்பிக்கையின்மேல் கட்டப்பட்ட நிறுவனங்களுக்கு, இதைவிடக் கசப்பான நாடகம் அரிது.

அடுத்த நாடகத்தில் ஷான் அந்தத் தர்க்கத்தைத் தன் மீதே திருப்பினார். ‘தி ஃபீவர்’ ஒருவர் மட்டுமே பேசும் நாடகம். 1990இல் அதை அவர் முதலில் நிகழ்த்தியது அரங்குகளில் இல்லை. வீடுகளின் வரவேற்பறைகளில், பத்துப் பன்னிரண்டு பேர் முன்னிலையில். ஒப்பனை இல்லை, விளக்கமைப்பு இல்லை. ஒரு நாற்காலியில் அமர்ந்து பேசினார். கேட்டவர்கள் வசதியானவர்கள், நாடகம் பேசியதும் அவர்களைப் பற்றித்தான். ஏழை நாடொன்றின் விடுதியில் நோயுற்று, குளியலறைத் தரையில் கிடக்கும் ஒருவரின் மனம் தன் வாழ்க்கையைக் கணக்குப் பார்க்கிறது. ஒருநாள் வீட்டு வாசலில் யாரோ வைத்துவிட்டுப்போன மார்க்சின் ‘மூலதனம்’ முதல் தொகுதியை அவர் திறந்து பார்க்கிறார். பண்டங்களைப் பற்றிய ஒரு பகுதி பிடிபடுகிறது. அதன்பின் எதையும் வெறும் பொருளாகப் பார்க்க இயலாமற்போகிறது. காப்பிக்குக் கொடுத்த விலைக்குள், அதைப் பறித்தவர்கள், பறிக்க வைக்கப்பட்டவர்கள் எல்லோருடைய கதையும் இருக்கிறது. ‘செர்ரித் தோட்டம்’ நாடகத்தைக் காணச் செல்கிறார். தோட்டத்தை இழக்கும் சீமாட்டிக்காகச் சுற்றியுள்ளோர் கண்ணீர் விடுகிறார்கள். தான் எதற்காக அழவேண்டும் என்பது அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

இந்நாடகத்திற்கு ஓபி விருது கிடைத்தது. கைதட்டியவர்கள் தத்தம் வீடு திரும்பினர். இதை ஷானும் அறிவார். குற்றவுணர்வை அழகாகப் பேசுவதே ஒருவித வசதியாகிவிடக்கூடும் என்ற ஐயம் அந்தப் பிரதிக்குள்ளேயே ஊறியிருக்கிறது. பேசுபவர் ஏதேனும் செய்வதாகத் தனக்குத்தானே வாக்களித்துக்கொள்கிறார். அடுத்த வரியிலேயே ஒரு சாக்கைக் கண்டுபிடிக்கிறார். சாக்குகளைத் தேடித்தரும் அந்த அறிவு, நஞ்சுக்கோப்பை முன் அமர்ந்த விசினியின் அறிவேதான்.

தொண்ணூறுகளில் திரையுலகம் அவருக்கு அளித்த வேடங்களை இந்தப் பின்னணியில் பார்த்தால் விசித்திரமான ஒரு பட்டியல் கிடைக்கும். ‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ தொலைக்காட்சித் தொடரில், இலாபத்தையே வேதமாகக் கொண்ட ஃபெரெங்கி இனத்தின் தலைவர் ஸெக், பெரிய காதுகளும் சுருக்கம் விழுந்த முகமூடியும் அணிந்து வருவார். ‘க்ளூலெஸ்’ (1995) படத்தில், செல்வச் செழிப்பில் வளர்ந்த மாணவியருக்கு விவாதக்கலை கற்பிக்கும் ஆசிரியர். அதே ஆண்டின் ‘டாய் ஸ்டோரி’யில், தன்னைக் கண்டு எவரும் அஞ்சவில்லையே என்று அஞ்சும் டைனோசர். பின்னர் ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ (2004) படத்தில், காப்பீட்டுத் தொகையை மக்களுக்கு வழங்கிவிட்ட குற்றத்திற்காக ஊழியரைக் கடிந்துகொள்ளும் மேலாளர். ‘யங் ஷெல்டன்’ தொடரில் இயற்பியல் பேராசிரியர். ‘தி ஃபீவர்’ எழுதிய கை, இலாபத்தின் தலைமைப் பூசாரியாக நடித்த ஊதியத்தை வாங்கி வீட்டு வாடகை செலுத்தியது. இதில் முரண் இருக்கிறது என்பதைச் சொல்ல விமர்சகர் தேவையில்லை; ஷானே எந்த முரணையும் மறைத்ததில்லை. அவர் அந்த வேடங்களை அரைமனத்தோடு செய்ததுமில்லை. ஸெக்கின் பேராசையில் ஒரு குழந்தையின் ஆர்வம் இருக்கிறது. டைனோசரின் அச்சத்தில் உண்மையான வலி இருக்கிறது. சிறிய வேடங்களுக்கும் அவர் முழுக்கூலிக்குரிய உழைப்பைச் செலுத்தினார்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட, முப்பது பேருக்காக நிகழ்ந்த நாடகத்தின் பெயர் ‘தி டெசிக்னேட்டட் மோர்னர்’. அதை முதலில் 1996இல் இலண்டன் தேசிய அரங்கில் டேவிட் ஹேர் இயக்கினார். இயக்குநராகப் புகழ்பெற்ற மைக் நிக்கல்ஸ் அதில் ஜாக் என்ற பாத்திரத்தில் நடித்தார். மறு ஆண்டு அது திரைப்படமாகவும் வந்தது. நியூயார்க்கில் ஆந்த்ரே கிரெகரி இயக்கியபோது ஜாக்காக நடித்தவர் ஷான். ஜாக்கின் மனைவி ஜூடியாக நடித்தவர், அவருடைய நெடுநாள் வாழ்க்கைத்துணையும் தேர்ந்த சிறுகதை எழுத்தாளருமான டெபோரா ஐசன்பெர்க். பெயர் குறிப்பிடப்படாத ஒரு நாட்டில் வன்மையான ஆட்சி தலையெடுக்கிறது. ஜூடியின் தந்தை ஹோவர்ட் ஒரு கவிஞர். நாட்டின் உயர்ந்த இரசனையின் உருவம். அவரும் அவரைச் சூழ்ந்தோரும் படிப்படியாகச் சிறைப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள். ஜாக் தப்பித்துக்கொள்கிறான். தப்பிப்பதற்கு அவன் செய்தது ஒன்றே: தான் ஒருபோதும் அவர்களில் ஒருவனாக இருந்ததில்லை, கடினமான கவிதைகளைப் படிப்பதாக நடித்தே வந்திருக்கிறேன் என்று தனக்குத்தானே ஒப்புக்கொண்டான். அந்த ஒப்புதல் அவனுக்கு அவமானமாக இல்லை, விடுதலையாக இருந்தது.

ஜான் டன்னின் கவிதையைப் படித்துப் பொருள்கொள்ளக்கூடிய கடைசி மனிதரும் இறந்துவிட்டார் என்பதை ஒருநாள் ஜாக் உணர்கிறான். அழிந்த குலத்திற்கு யாராவது துக்கம் காக்க வேண்டுமே என்று, உணவகத்தில் அமர்ந்து ஒரு சிறு காகிதத் துண்டைக் கொளுத்துகிறான். பிறகு பூங்காவில் போய் அமர்கிறான். மாலைக்காற்று இதமாக வீசுகிறது. அதை அவன் உண்மையாகவே அனுபவிக்கிறான்.

இலக்கியத் துறைகளில் இருப்போர் இந்நாடகத்தைப் பண்பாட்டின் அழிவுக்கான இரங்கற்பாவாகப் படிக்க விரும்புவர். பிரதி அதற்கு இடம் தருவதில்லை. ஹோவர்டின் இரசனை உண்மையானது. அவருடைய ஏளனமும் உண்மையானது. ஏழைகளுக்காக அவர் ஒருகாலத்தில் எழுதியிருக்கிறார். அவர்களோடு அவருக்குப் பேச்சு இல்லை. அவருடைய நூலறை யாருடைய உழைப்பால் அமைதியாக இருந்தது என்ற கேள்வி, கொலையாளிகள் வருவதற்கு முன்பே அந்த வீட்டில் இருந்தது. படிப்பு அவரைக் காப்பாற்றவில்லை. படிப்பைத் துறந்தது ஜாக்கைக் காப்பாற்றியது; மனிதனாக மட்டும் வைத்திருக்கவில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே பார்வையாளருக்கு நிற்க இடம் கிடைப்பதில்லை. முப்பது பேர் மட்டும் அமர்ந்திருக்கும் அறையில், எழுந்து வெளியேறுவதும் எளிதன்று.

ஏன் தன்னைச் சோசலிசவாதி என்று அழைத்துக்கொள்கிறார் என்பதை விளக்கும் ஒரு கட்டுரையில், நடிகராகத் தாம் கற்ற பாடத்தை ஷான் அரசியலாக விரித்துச் சொல்கிறார். நடிகருக்குத் தெரியும், தன்னால் பல மனிதராக ஆகமுடியும் என்று. அரசனும் கொலைகாரனும் துறவியும் அவருக்குள் உறங்குகிறார்கள். ஆனால் வேடம் தருபவர்கள் முகத்தைப் பார்த்தே வேடம் தருகிறார்கள். உலகமும் அவ்வாறே செய்கிறது. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் எதுவாகவும் ஆகக்கூடியது. ஆனால் தொட்டிலிலேயே வேடம் முடிவாகிவிடுகிறது. உடை தைத்து வைக்கப்பட்டுவிடுகிறது. பிறகு அந்த வேடமே அதன் இயல்பு என்று எல்லோரும் நம்பத் தொடங்குகிறார்கள். இந்திய வாசகருக்கு இக்கருத்தைத் தனியே விளக்க வேண்டியதில்லை. குள்ளமான கோமாளியாகவே தம்மைப் பார்த்த ஒரு தொழிலில் ஏறத்தாழ முப்பதாண்டுகள் உழைத்தவர் இதை எழுதினார் என்பதால், கோட்பாட்டுக்கு வராத எடை அதற்கு வருகிறது.

அவருக்கு அந்த வேடப்பங்கீட்டை மீறிய ஒரு வாய்ப்பைத் தந்தவர் ஆந்த்ரே கிரெகரிதான். 1989 முதல் கிரெகரி ஒரு சிறு குழுவோடு செகாவின் ‘வான்யா மாமா’வை, டேவிட் மாமெட்டின் தழுவலில், ஒத்திகை பார்த்துவந்தார். அரங்கேற்றும் நோக்கமே இல்லை. நடிகர்கள் தத்தம் பிழைப்புக்கு நடுவே கூடினார்கள். சில வேளைகளில் நண்பர்களை அழைத்துக் காட்டினார்கள். ஆண்டுகள் ஓடின. இறுதியில் லூயி மால் அதைப் படமாக்கினார். 1994இல் வெளிவந்த ‘வான்யா ஆன் 42ண்ட் ஸ்ட்ரீட்’ அவருடைய கடைசிப் படமாயிற்று. சிதைந்து கிடந்த நியூ ஆம்ஸ்டர்டாம் அரங்கிற்குள் நடிகர்கள் அன்றாட உடையில் வருகிறார்கள், பேசிக்கொள்கிறார்கள், ஷான் களைப்பில் ஓர் இருக்கையில் சாய்ந்து கண்ணயர்கிறார். அருகில் இருவரின் பேச்சு எந்தக் கணத்தில் செகாவின் வசனமாக மாறியது என்பதை நாம் கவனிக்கத் தவறிவிடுகிறோம். தூங்கி விழித்து எழுபவர் வான்யா. உலகம் கோமாளி என்று கண்ட அதே முகத்தில், வீணான ஒரு வாழ்வின் முழுத் துயரமும் தெரிகிறது.

வான்யாவின் கதை, கல்வி கற்றோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய கதை. இருபத்தைந்து ஆண்டுகள் அவன் பண்ணையில் உழைத்து, வருமானத்தைக் கோபெக் பாக்கியில்லாமல் நகரத்திலிருக்கும் பேராசிரியர் ஒருவருக்கு அனுப்புகிறான். அவர் கலையைப் பற்றி எழுதும் மேதை என்று நம்புகிறான். இரவெல்லாம் அவருடைய கட்டுரைகளைப் படித்தும் படியெடுத்தும் மகிழ்கிறான். பேராசிரியர் ஓய்வுபெற்றுப் பண்ணைக்கு வந்து சேர்ந்தபின்தான் தெரிகிறது, அவர் எழுதியவற்றில் எதுவுமே இல்லை என்பது. அத்தனை உழைப்பும் ஒரு வெறுமைக்கு நெய்யூற்றியிருக்கிறது. பேராசிரியரோ தாம் யாருக்கும் கடன்பட்டிருப்பதாக ஒருகணமும் எண்ணியதில்லை; போகும்போது, எல்லோரும் உழைக்க வேண்டும் என்று அறிவுரையும் சொல்லிவிட்டே போகிறார்.

ஷானின் வாழ்வில் வான்யாவும் பேராசிரியரும் ஒரே உடலில் வசித்தனர். பச்சை டைனோசரும் ஃபெரெங்கித் தலைவனும் உழைத்து அனுப்பிய பணத்தில் நாடகாசிரியர் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து எழுதினார். ஒரு நாடகத்திற்கும் அடுத்த நாடகத்திற்கும் இடையே அவர் எடுத்துக்கொண்ட காலம் பெரும்பாலும் மிக நீண்டது. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்த நாடகாசிரியராக அவர் எழுதினார் என்பதே செகாவின் பேராசிரியருக்கும் அவருக்கும் உள்ள தொலைவு. அத்தொலைவு மிகச் சிறியது என்பதையும் அவர் நாடகங்கள் மறைப்பதில்லை.

ஒவ்வொரு நூலகத்திற்கும், ஒவ்வோர் ஆய்வுதவித் தொகைக்கும், நள்ளிரவு வரை எரியும் ஒவ்வொரு படிப்பறை விளக்கிற்கும் பின்னால், கணக்கெழுதிப் பணம் அனுப்பும் ஒரு வான்யா எங்கோ இருக்கிறார். அவர் நம் கட்டுரைகளைப் படிக்க நேர்ந்தால் என்ன சொல்வார் என்பது, எந்த நெறியாளரும் கேட்காத வாய்மொழித் தேர்வுக் கேள்வி. ஷான் அதைத் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டவர். விடை கிடைத்துவிட்டதாக அவர் எங்கும் எழுதியதில்லை.